கவனக் குறைவு குற்றமாகுமா?

வீட்டை விட்டுப் புறப்படுகிறவருக்கு நமது ஊர்களில் சொல்லப்படும் கடைசி வார்த்தை ‘கவனம்’. பசறைப் பாதையில் இரவு பஸ் பிடிக்கப்போகும் மகனுக்கும், கொழும்புக்குக் கடைவேலைக்குப் போகும் தம்பிக்கும், மழை ஈரத்தில் மலையேறிக் கொழுந்து பறிக்கப்போகும் பெண்ணுக்கும் அதே வார்த்தைதான். அதில் அன்பிருக்கிறது. ஆனால் போனவர் எதையாவது தொலைத்துவிட்டோ உடைத்துவிட்டோ திரும்பி வந்தால் அந்தச் சொல்லே சாட்டையாகிவிடும். ‘கவனமில்லாதவன்’ என்று சொல்லும்போது நாம் ஒருவரை விவரிப்பதாக நினைத்துக்கொண்டு அவருக்குத் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம்.

இதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கவனத்தைச் ‘செலுத்துவது’ என்று தமிழ் சொல்கிறது; வரி செலுத்துவதுபோல, கட்டணம் செலுத்துவதுபோல. எல்லோருடைய மடியிலும் அந்தக் காசு இருக்கிறது, செலுத்தாதவன் வேண்டுமென்றே செலுத்தாமல் இருக்கிறான் என்பது அந்த நம்பிக்கை. சிலருடைய மடியில் காசு உண்டு, எடுக்கும் நேரத்தில் கைக்கு அகப்படுவதில்லை என்று மருத்துவம் கடந்த நூறு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சொல்லி வருகிறது. அது உண்மையானால் நாம் இதுவரை வழங்கிய தீர்ப்புகளை என்ன செய்வது? நோய் என்று பெயரிட்டுவிட்டால் பொறுப்பும் கழன்றுவிடுமா? இவ்விரண்டு கேள்விகளையும் பதுளையையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் முன்வைத்து யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். கவனம் என்பதை ஒரு சட்டக் கடமையாகவே ஆக்கி வைத்திருந்த மண் இது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் வேலையை விட்டு ஓடிப்போவதை மட்டுமன்றி, வேலையில் அசட்டையாக இருப்பதையும் குற்றமாகக் கருதிச் சிறைத்தண்டனைக்கு இடமளித்தது. சாதாரண முதலாளி ஒருவர் கூலியைப் பிடித்துக்கொள்வதோடு விட்டுவிடும் ஒரு காரியத்துக்கு, தோட்டத் தொழிலாளி நீதவான் முன் நிறுத்தப்படலாம் என்ற நிலை. விடிவதற்கு முன்பே தப்பு அடித்து லயங்களை எழுப்பி, பெரட்டுக் களத்தில் பேர் பதிந்து, பிந்தி வந்தவனைத் திருப்பியனுப்பிய ஓர் ஒழுங்கு முறைக்குச் சட்டமும் துணை நின்றது.

சட்டம் தோட்டத்தில் செய்ததை, ஏறத்தாழ அதே காலத்து மருத்துவம் இலண்டனில் செய்தது. 1902இல் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் அரச மருத்துவர் கல்லூரியில் மூன்று விரிவுரைகள் நிகழ்த்தினார். புத்தி குறையாத, நல்ல குடும்பத்திலும் பிறக்கக்கூடிய, ஆனால் அடங்கியிருக்கவோ ஒன்றில் மனதை நிறுத்தவோ முடியாத பிள்ளைகளைப் பற்றியவை அவை. இந்நோயின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஸ்டில் அதற்கு வைத்த பெயர் முக்கியமானது. ஒழுக்கக் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட குறைபாடு என்றார் அவர். பிள்ளை கெட்டவனல்ல என்று காட்ட வந்தவருக்கும் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லை விட்டு வெளியே வர முடியவில்லை. பிறகு பெயர்கள் மாறின. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் 1968இல் இதைக் குழந்தைப் பருவத்து மிகையியக்கம் என்றது. 1980இல்தான் கவனக் குறைபாடு என்ற பெயர் வந்தது. 1987இல் இரண்டும் சேர்ந்து இன்று ‘ஏடிஎச்டி’ என்று எல்லோரும் சொல்லும் பெயராயிற்று. ‘ஒழுக்கம்’ பெயரிலிருந்து உதிர்ந்து போனது. நமது பேச்சிலிருந்து இன்னும் உதிரவில்லை.

*

தோட்டப் பாடசாலை ஒன்றின் முன் நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பையனைத் தெரியும். மண்டபம் ஒன்று, அதற்குள் மூன்று வகுப்புகள், இடையே தட்டியும் இல்லை. இரண்டாம் வகுப்புக்காரர் வாய்ப்பாடு சொல்ல, நாலாம் வகுப்புக்காரர் சுற்றாடல் பாடம் படிக்கிறார்கள். இவன் கண் நாலாம் வகுப்பில் இருக்கும். கை பக்கத்துப் பிள்ளையின் பென்சிலில் இருக்கும். கால் வாசற்படியில் இருக்கும். “டேய், புத்தி எங்கடா இருக்கு?” என்று சேர் கேட்பார். கேள்விக்குப் பதில் இவனுக்கும் தெரியாது.

உலகெங்கும் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இந்த நிலை இருக்கிறது. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். அது பெருமளவு பரம்பரையாக வருவது. உயரம் எந்த அளவுக்குப் பெற்றோரிடமிருந்து வருகிறதோ அதற்குச் சற்றுத்தான் குறைவு. 2007இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூளைப்புறணி தடிப்பதைப் படம்பிடித்துப் பார்த்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை வயதளவில் வரும் முதிர்ச்சி இவர்களுக்குப் பத்தரை வயதளவில் வந்ததைக் கண்டார்கள். பாதை அதேதான், மூன்று வருடம் பிந்திய பயணம். நமது பாடசாலையில் மூன்று வருடம் யாருக்கும் காத்திருப்பதில்லை. ஐந்தாம் ஆண்டில் புலமைப்பரிசில் பரீட்சை வந்து நிற்கும்.

ஆனால் தோட்டத்தில் இந்தப் பெயரை அவசரப்பட்டு ஒட்டக்கூடாது. அங்கே பிள்ளையின் கவனத்தைத் தின்கிறவை வேறும் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் சுமார் 17 சதவீதம். பெருந்தோட்டத் துறையில் சுமார் 32 சதவீதம். இரத்தச்சோகையுள்ள பிள்ளையும் கனவு கண்டுகொண்டுதான் இருக்கும். வெறும் பிளேன்டீயோடு வந்த பிள்ளைக்குப் பத்து மணிக்குப் பிறகு எழுத்து மங்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் இரவு முழுவதும் அப்பாவின் குடிச்சத்தம் கேட்ட பிள்ளை காலையில் தூங்கும். காது மந்தமான பிள்ளை சொன்னதைச் செய்யாது. இவை எல்லாம் வெளியில் ஒரே மாதிரித் தெரிபவை. வீடு, பாடசாலை என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது, ஆறு மாதத்துக்கு மேலாக, பன்னிரண்டு வயதுக்கு முன்பிருந்தே குறிகள் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் நிபந்தனை வைப்பது இதனால்தான்.

வயதையும் பார்க்க வேண்டும். சனவரி 31ஆம் திகதி ஐந்து வயது பூர்த்தியாகும் பிள்ளை முதலாம் ஆண்டில் சேரும். பெப்ரவரியில் பிறந்த பிள்ளை அடுத்த வருடம்தான். ஆகவே ஒரே வாங்கில் ஏறத்தாழ ஒரு வருட வித்தியாசமுள்ள இருவர் அமர்ந்திருக்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2012இல் வெளியான ஆய்வொன்று, வகுப்பில் இளைய பையன்களுக்கு இந்த நோய்ப் பெயர் மூத்தவர்களைவிட முப்பது சதவீதம் அதிகமாகச் சூட்டப்படுவதைக் கண்டது. அதாவது சிலருக்குக் குறைபாடு பிறந்த மாதத்தில் இருக்கிறது.

பையன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் ஓடுவார்கள், விழுவார்கள், அடி வாங்குவார்கள். ஆகவே கண்ணில் படுகிறார்கள். ஜன்னலோரம் அசையாமல் இருந்து வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளையின் தலைக்குள்ளும் அதே ஓட்டம் நடக்கலாம். அவளால் யாருக்கும் தொந்தரவில்லை. ‘அமைதியான பிள்ளை, படிப்பில்தான் கொஞ்சம் மட்டு’ என்று அறிக்கையில் எழுதப்படும். சாதாரண தரம் வரை இப்படியே போய், பிறகு தைக்கப் பழகுவதற்கோ, வீட்டுவேலைக்குக் கொழும்புக்கோ அனுப்பப்படுவாள். அவளுக்குப் பிரம்படி கிடைக்கவில்லை என்பது உண்மை. யாரும் அவளைக் கவனிக்கவில்லை என்பதும் உண்மை.

பிரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை அனுப்பியது. பிரம்பு குறைந்திருக்கிறது. மத்ரஸாக்களில் அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை இந்த இதழின் வாசகர்கள் தத்தம் ஊரில் விசாரித்துக்கொள்ளலாம். அடியால் இந்தப் பிள்ளை திருந்தாததற்குக் காரணம் பிடிவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். தண்டனை பயன் தரவேண்டுமானால் அடுத்த முறை அந்தக் கணத்தில் அது நினைவுக்கு வரவேண்டும். சரியான கணத்தில் சரியானது நினைவுக்கு வராமையே இவனுடைய நோய்.

*

பதின்ம வயதில் ஓட்டம் அடங்குகிறது. பெற்றோர் பிள்ளை திருந்திவிட்டதாக நிம்மதியடைகிறார்கள். உண்மையில் அந்த ஓட்டம் காலிலிருந்து உள்ளே போய்விடுகிறது. சிறுவயதில் இது இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் ஏதோவொரு அளவில் இருபத்தைந்து வயதிலும் அது மிஞ்சியிருப்பதாகத் தொடர்ந்து அவதானித்த ஆய்வுகள் காட்டுகின்றன. முழுமையாக அதே அளவில் மிஞ்சுவது குறைந்தவர்களிடமே.

இந்த வயதில் அவன் வேலை மாறுகிறான். பதுளை பஸாரில் ஒரு புடைவைக் கடையில் நான்கு மாதம். பிறகு கொழும்பு புறக்கோட்டையில் இரண்டு மாதம். ஊர் திரும்பி ஓட்டோ. ‘ஒரு இடத்தில் நிலைக்க மாட்டான்’ என்பது இப்போது அவன் பெயர். கடை முதலாளி குறை சொல்லும் அதே வாயால், திடீரென்று சனம் நிறைந்த பெருநாள் இரவில் பத்துப் பேர் வேலையை இவன் ஒருவனே செய்ததையும் சொல்வார். இது பொய்யல்ல. இந்த நிலையை வெறும் கவனமின்மை என்பது பிழை. கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம் வரை நிறுத்துவதும், பிறகு அங்கிருந்து எடுப்பதும்தான் இவனுக்குச் சிரமம். அவசரம், புதுமை, ஆபத்து ஆகியவை இருந்தால் கவனம் தானாக வந்து குவியும். கணக்குக் கொப்பி எழுதும் பகல் இரண்டு மணிக்கு வராது.

வட கென்யாவின் அரியால் மக்களைப் பற்றி 2008இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். அவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் கால்நடைகளோடு அலைகிறவர்கள். மறுபகுதியினர் அண்மையில் ஊராகக் குடியேறியவர்கள். புதுமையை நாடுவதோடும் கவனக் குறைபாட்டோடும் தொடர்புள்ளதாகக் கருதப்படும் ஒரு மரபணு வடிவம் அலைகிறவர்களிடம் இருந்தபோது அவர்கள் மற்றவர்களைவிட நல்ல போசாக்கோடு இருந்தார்கள். அதே வடிவம் குடியேறியவர்களிடம் இருந்தபோது மெலிந்திருந்தார்கள். சிறிய ஆய்வு, ஒரே மரபணுவை வைத்துப் பெரிய முடிவுக்கு வரமுடியாது. ஆயினும் குறைபாடு என்பது ஆளுக்குள் மட்டும் இருப்பதல்ல, ஆளுக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது என்று நினைக்க அது இடம் தருகிறது. மணியடித்து எழுப்பி, வரிசையில் நிறுத்தி, நிரை பிரித்து, கிலோக் கணக்கில் நாளை அளக்கும் ஓரிடத்தில் இந்தக் குணம் எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கிட ஆய்வு வேண்டியதில்லை.

ஆனால் இதிலிருந்து ஒரு புகழ்பாட்டுக்கு நழுவிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இது ஒரு வரம், மேதைகளின் அடையாளம் என்றெல்லாம் இப்போது பேசப்படுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விட்ட பிழைகளைத் துடைக்கப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். அவனுக்கு அது வரமாகலாம். ஹாலிஎல வளைவுகளில் ஓட்டோ ஓட்டுகிறவனுக்கு ஒரு கணக் கவனப் பிசகு வேறு விதமாக முடியும். இந்த நிலையுள்ளவர்களுக்கு வீதி விபத்தும் போதைப் பழக்கமும் மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாடுகளில் உறுதியான செய்தி.

*

வளர்ந்தவர்களிடத்தில்தான் அறக் கேள்வி முழு உருவில் வந்து நிற்கிறது. பிள்ளையை மன்னித்துவிடலாம். கடன் வாங்கி மறந்தவனை? அமானிதமாக வைத்த பணத்தை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் நிற்பவனை? மூன்றாம் முறையும் மனைவியின் மருந்தை வாங்காமல் வீட்டுக்கு வருகிறவனை?

நமது மார்க்க மரபு இந்த விடயத்தில் நாம் நினைப்பதைவிட நுணுக்கமானது. ஜும்ஆ மேடைகளில் தொழுகையில் மனம் சிதறுவதை நயவஞ்சகத்தின் அடையாளமாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் நபி (ஸல்) அவர்களே நான்கு ரக்அத் தொழுகையை இரண்டோடு முடித்து எழுந்துவிட்ட நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. அபூபக்ர், உமர் போன்ற பெரியவர்கள் பேசத் தயங்கி நிற்க, துல்யதைன் என்ற ஸஹாபிதான், தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, மறந்துவிட்டீர்களா என்று கேட்கிறார். மற்றவர்களிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, விடுபட்டதைத் தொழுது, இரண்டு ஸஜ்தாக்கள் செய்கிறார்கள். தானும் மற்றவர்களைப்போல மறக்கும் மனிதனே என்றும், மறந்தால் நினைவூட்டும்படியும் அவர்கள் சொன்னதாக இன்னொரு அறிவிப்பு. தொழுகையில் நிற்கும்போதே படையணிகளைத் திட்டமிட்டதாக உமர் (ரழி) அவர்கள் சொன்னதாகவும் அறிவிப்பு உண்டு. மறதிக்கென்று ஒரு ஸஜ்தாவையே தொழுகைக்குள் வைத்திருக்கும் ஒரு மரபு, மனம் தவறும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஸஜ்தா ஸஹ்வு தண்டனையன்று, அது பழுதுபார்ப்பு.

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் தொழுகையின் அந்தரங்கங்களைப் பேசும்போது மனச் சிதறலுக்கு இருவகைக் காரணம் சொல்கிறார். முதலாவது வெளியிலிருந்து வருவது: கண்ணில் படுவது, காதில் விழுவது. அதற்கு இருட்டான இடத்தில், சுவருக்கு அருகில், அலங்காரமில்லாத இடத்தில் தொழும்படி சொல்கிறார். இந்தப் பிள்ளையை முன்வாங்கில், ஜன்னலுக்குத் தள்ளி, படங்கள் ஒட்டாத சுவர்ப் பக்கம் உட்கார வையுங்கள் என்று இன்றைய உளமருத்துவர் ஆசிரியருக்குச் சொல்வதும் இதைத்தான். இரண்டாவது உள்ளிருந்து வருவது. அங்கே ஓர் உவமை வருகிறது. மரத்தடியில் சிந்திக்க உட்கார்ந்தவனைக் குருவிகள் குழப்புகின்றன. கம்பால் விரட்டுகிறான், அவை மீண்டும் வருகின்றன. விடுதலை வேண்டுமானால் மரத்தை வெட்டு என்கிறார்கள். மரம் என்பது உலக ஆசை.

இந்த உவமையின் அழகில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆசை என்ற மரமே இல்லாமல் குருவிகளோடு பிறந்தவனுக்கு அது என்ன சொல்லும்? வெட்ட அவனிடம் மரமில்லை. வாழ்நாள் முழுவதும் கையில் கம்போடு உட்கார்ந்திருக்க வேண்டியவன் அவன். கம்பைப் பிடித்தபடியே தொழுதவனின் தொழுகையைக் குருவியே வராதவனின் தொழுகையோடு எப்படி ஒப்பிடுவது என்பதை நாம் அல்லாஹ்விடம் விட்டுவிடலாம். எடை போடுவது நமது வேலையல்ல என்ற அளவுக்காவது ஒத்துக்கொள்ளலாம்.

இனி மற்றக் கேள்வி. மறதி பாவமல்ல என்றால் பொறுப்பும் இல்லையா? இங்கே பிக்ஹு ஒரு கோட்டைத் தெளிவாகப் போடுகிறது. மறந்து சாப்பிட்டவனின் நோன்பு முறியாது. ஆனால் மறதியால் அடுத்தவன் பொருளைப் பாழாக்கினால் பாவம் இல்லை, நட்டஈடு உண்டு. அல்லாஹ்வின் உரிமையில் மன்னிப்பு. அடியார்களின் உரிமையில் கணக்குத் தீர்க்க வேண்டும். சிறுபிள்ளை உடைத்த பாத்திரத்துக்குக்கூட அந்தப் பிள்ளையின் சொத்திலிருந்து விலை கொடுக்க வேண்டும் என்பார்கள். பிள்ளைமீது குற்றமில்லை, பாத்திரம் உடைந்தவனுக்கு நட்டம் நட்டம்தான்.

குற்றம் வேறு, கடன் வேறு. நமது குடும்பங்களில் இரண்டையும் ஒன்றாக்கி விடுவதால்தான் இருபக்கமும் அநியாயம் நடக்கிறது. ஒரு பக்கம், மருந்து வாங்க மறந்தவனை மனைவிமீது பாசமில்லாதவன் என்று தீர்ப்பளிக்கிறோம். மறுபக்கம், அண்மையில் கைத்தொலைபேசியில் பத்துக் கேள்விகளுக்குப் பதிலெழுதித் தனக்கு இந்த நோய் இருப்பதாகக் கண்டுகொண்ட படித்த இளைஞர் சிலர், அதைக் காட்டிக் கடனிலிருந்தும் கழன்றுகொள்ளப் பார்க்கிறார்கள். மனைவிக்கு அந்த இரவு மருந்தில்லாமல் போனது நோயின் பெயரால் மாறிவிடாது. மன்னிப்புக் கேட்பதும், மீண்டும் பசறைக்கோ பதுளைக்கோ போய் வாங்கி வருவதும், நாளைக்கு மறக்காதபடி ஓர் ஏற்பாடு செய்வதும் அவனுடைய கடனாகவே இருக்கும். தன் கவனத்தை நம்ப முடியாது என்று அறிந்தவனுக்கு, எழுதி வைக்கும் கடமை மற்றவர்களைவிடக் கூடுகிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி வேதம் கட்டளையிட்டதை இந்தக் கோணத்திலும் படித்துப் பார்க்கலாம்.

ஆனால் கணக்கு அவனோடு முடிவதில்லை. தவறுதலாக நேர்ந்த கொலைக்கு உரிய நட்டஈட்டைக் கொன்றவனிடம் மாத்திரம் வாங்காமல் அவனுடைய தந்தைவழி உறவினர் கூட்டத்தின் மீது சுமத்துகிறது அதே சட்டம். நமது ஷாபிஈ மத்ஹபில், ஜமாஅத்தாகத் தொழும்போது பின்னால் நிற்பவருக்கு நேரும் மறதியை இமாம் சுமந்துகொள்வதால் அவருக்கு ஸஜ்தா ஸஹ்வு இல்லை. வேண்டுமென்று செய்யாத பிழையின் பாரத்தைப் பலபேர் தோளில் பகிரலாம் என்ற எண்ணம் நமக்குப் புதியதல்ல. பள்ளிவாசலுக்கு வெளியே அதை நாம் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான்.

தோட்டத்தில் அந்தப் பாரம் யார் தோளில் விழுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் பெண்ணின் தோளில்தான். காலையில் தண்ணீர், அடுப்பு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விடுவது, பெரட்டுக்கு நேரத்துக்குப் போவது என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வேலைகளை அவள் தலைக்குள் வைத்திருக்க வேண்டும். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று நிர்ணயிக்கப்பட்ட பிறகும், தோட்டம் குறித்த கிலோவைப் பறிக்காதவளுக்கு அரைப் பேர்தான் விழும் என்ற நிலை பல தோட்டங்களில் தொடர்ந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறிக்க வேண்டும்; முற்றிய இலை கலந்தால் ஏச்சு. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வறண்டு வீசும்போதுதான் ஊவாத் தேயிலையின் மணம் உச்சத்துக்கு வரும். உலகச் சந்தையில் அதற்கு நல்ல விலை. இலண்டனிலும் மொஸ்கோவிலும் அலுவலக மேசைகளில் ஆட்களைக் கண் விழித்துக் கவனமாக வேலை செய்ய வைக்கும் அந்தக் கோப்பைக்குப் பின்னால், மனம் நிலைக்காத ஒரு பெண் அரைப் பேரோடு வீடு திரும்பியிருக்கலாம்.

*

முதியவர்களைப் பற்றி மருத்துவ இலக்கியமே குறைவாகத்தான் பேசுகிறது. நீண்ட காலம் இது பிள்ளைகளின் நோய், வளர்ந்தால் போய்விடும் என்றே நம்பப்பட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அதற்கு முன் பிள்ளையாக இருந்தவர்களுக்கு நோய்ப் பெயர் கிடைப்பதற்குப் பாடசாலையே ஒழுங்காக இருக்கவில்லை. இன்று எழுபது வயதில் மூக்குக் கண்ணாடியைத் தேடும் ஒருவருக்கு அது முதுமை மறதியா, அல்லது ஏழு வயதிலிருந்தே தேடிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்க யாருமில்லை. இரண்டும் வேறு. ஒன்று இருந்ததை இழப்பது. மற்றது முதலிலிருந்தே இப்படி இருந்து, தாயும் பிறகு மனைவியும் பின்னால் நின்று தாங்கிப் பிடித்ததால் வெளியே தெரியாமல் போனது. மனைவி மௌத்தான பிறகு சில பெரியவர்கள் ஒரே மாதத்தில் குலைந்து போவதற்குத் துக்கம் மட்டும் காரணமாக இருப்பதில்லை.

இப்படிப்பட்ட ஒருவர் தமது எழுபது வருடத்தையும் ‘நான் உருப்படாதவன்’ என்ற ஒற்றை வசனத்தில் சுருக்கி வைத்திருப்பார். வாப்பா சொன்னது, சேர் சொன்னது, முதலாளி சொன்னது எல்லாம் சேர்ந்து அவருடைய சொந்தக் குரலாகிவிட்டது. நோயின் பெயர் அவருக்கு இனிப் பயன்படாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம் வாழ்க்கையை ஒரு முறையாவது வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கும் உரிமை எழுபது வயதிலும் ஒருவருக்கு உண்டு.

*

மருந்து பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1937இல் அமெரிக்காவின் ரோட் தீவில் சார்ள்ஸ் பிரட்லி என்ற மருத்துவர், தலைவலிக்கு உதவும் என்று நினைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஊக்க மருந்து அவர்களைப் பாடத்தில் அமர வைத்ததைக் கண்டார். பிறகு வந்த மெதைல்ஃபெனிடேற்றை, 1950களின் நடுப்பகுதியில் ரிட்டலின் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வேலை செய்கிறது. பசியைக் குறைக்கவும் செய்கிறது. வயதுக்கேற்ற எடையில்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு இது சிறிய விடயமல்ல.

இன்னொரு தயக்கமும் நம் வட்டாரங்களில் கேட்கிறது. ஏற்கனவே அடக்கி வளர்க்கப்பட்ட ஒரு சமூகத்தின் துடிப்பான பிள்ளைகளையும் மாத்திரை கொடுத்து அமர்த்துவதா? நியாயமான பயம். பெரட்டுக் களத்தின் வேலையை மாத்திரை செய்துவிடக்கூடாது. ஆனால் பாதியில் படிப்பை விட்டுப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் பதினைந்து வயதுப் பையனின் சுதந்திரத்தைப் போற்றுவதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஒரு பக்கம் முழுதாகப் படித்து முடிக்கக் கிடைக்கும் ஆற்றலும் ஒரு சுதந்திரம்தான். அது கிடைத்த பிறகு அவன் தோட்டத்தை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் எழுதினாலும் நல்லதே.

மாத்திரைக்கு முன்னால் செய்யக்கூடியவை இருக்கின்றன. பெரிய செலவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்வது. அரை மணித்தியாலப் பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக வெட்டுவது. கொப்பி சேர்க்கவும் தண்ணீர் எடுத்து வரவும் அவனையே எழுப்பி அனுப்பி, அந்த ஓட்டத்துக்கு ஒரு கௌரவம் கொடுப்பது. நம் பகுதித் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களில் சிலர் எந்த நூலும் படிக்காமல் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மீதி, பதுளைக்குப் போய்வர வேண்டிய காரியம். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பெரிய வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் தாய்க்கு அன்றைய பேர் இல்லை. பஸ் செலவு இருவருக்கு. நீண்ட வரிசை. மருத்துவர் சிங்களத்தில் கேட்பதை யாராவது ஒரு சிற்றூழியர் தமிழில் சொல்ல வேண்டும். ‘பிள்ளை அடிக்கடி பொருட்களைத் தொலைக்கிறானா?’ என்ற கேள்விக்கு, அதெல்லாம் எல்லாரும் தொலைக்கிறதுதானே என்று அவள் சொல்லக்கூடும். அவளும் தொலைக்கிறவள்தான். இது குடும்பத்தில் வருவது என்று முன்னரே சொன்னேன். அவளை யாரும் சோதித்ததில்லை, சோதிக்கப் போவதுமில்லை. சென்ற மாத கிளினிக் அட்டை எங்கே என்று தாதி கேட்கிறார். “மறந்துட்டு வந்துட்டேங்க மிஸ்ஸி,” என்கிறாள். புது அட்டை எழுதப்படுகிறது. அடுத்த திகதியை வட்டம் போட்டு, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி, அவள் கையிலேயே கொடுக்கிறார்கள்.